எந்த மொழி படித்தால் என்ன வேலை? திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் ஒரு விடுதியின் ரிசெப்ஷனில் பதினான்கு வருடம் வேலை செய்தேன். அங்கே இருந்தபடியேதான் ஜேர்மன் மொழியைப் படித்தேன். இப்போது உவர்மலையில் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு அடிப்படை ஜேர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். படிக்க வருபவர்களைவிட "எதைப் படிக்கலாம்?" என்று கேட்க வருபவர்கள்தான் அதிகம். ஓஎல் முடித்த பிள்ளையோடு அம்மா வருவார், கம்பஸ் முடித்துவிட்டு வேலை தேடும் தம்பி வருவார், வளைகுடாவிலிருந்து திரும்பிய அக்காமாரும் வருவார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை காய்ந்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

எந்த மொழி படித்தால் நிச்சயமாக வேலை கிடைக்கும்?

எந்த மொழியும் தனியாக வேலை வாங்கித் தராது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஜேர்மன் மட்டும் தெரிந்த ஆளை ஜேர்மனியில் யாரும் தேடவில்லை. அங்கே எட்டுக் கோடிப் பேருக்கு அந்த மொழி தெரியும். ஜேர்மன் தெரிந்த தாதியைத் தேடுகிறார்கள், மின்னியலாளரைத் தேடுகிறார்கள். இங்கேயும் அப்படித்தான். பிரெஞ்சு தெரிந்த போட்காரர், இத்தாலியன் தெரிந்த சமையல்காரர், யப்பானிய மொழி தெரிந்த வெல்டர். இரண்டாவது சொல்தான் சம்பளம் வாங்கித் தருகிறது, முதல் சொல் அந்தச் சம்பளத்தை உயர்த்துகிறது.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மொழியைப் பற்றி அல்ல. "கையில் என்ன தொழில் இருக்கிறது, அல்லது எதைப் பழகப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் இருந்தால் மொழியைத் தெரிவு செய்வது பத்து நிமிட வேலை.

ஊரை விட்டுப் போகாமல் சுற்றுலாத் துறையில் வேலை செய்ய வேண்டும். எந்த மொழி உதவும்?

இதற்குப் பதில் காற்றில் இருக்கிறது. தெற்கே ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கம் சுற்றுலாப் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். அப்போது நமக்கு வாடைக்காற்றும் மாரி மழையும். நிலாவெளியில் கதிரைகளை உள்ளே அடுக்கி வைத்திருப்பார்கள். நம்முடைய பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் யாருக்கு நீண்ட விடுமுறை? ஐரோப்பாவில் பாடசாலைகள் மூடுவது ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான். ஆகவே குடும்பத்தோடு வரும் பிரெஞ்சுக்காரர், ஜேர்மன்காரர், இத்தாலியர், ஸ்பானியர்களைத்தான் நம் கடற்கரையில் பார்க்கிறோம். குளிருக்குத் தப்பி வரும் ரஷ்யர்கள் பெரும்பாலும் தெற்கோடு நின்றுவிடுகிறார்கள். கொழும்பில் யாரோ "ரஷ்ய மொழிக்குத்தான் இப்போது கிராக்கி" என்று சொன்னதைக் கேட்டு இங்கே ஒருவர் ரஷ்ய மொழி படித்தார். பருவம் முழுக்க அதைப் பேச ஆள் தேடித் திரிந்ததுதான் மிச்சம்.

என் தெரிவு முதலில் பிரெஞ்சு, அடுத்தது ஜேர்மன், பிறகு இத்தாலியன். ஜேர்மன்காரர்களில் பலர் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள், அதனால் நீங்கள் ஜேர்மன் பேசினால் சந்தோசப்படுவார்கள், அவ்வளவுதான். பிரெஞ்சு, இத்தாலியன் குடும்பங்களில் வயதானவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அங்கே உங்கள் மொழி ஒரு தேவையாகவே ஆகிவிடுகிறது.

எவ்வளவு தெரிந்தால் போதும் என்பது வேலையைப் பொறுத்தது. புறாத்தீவுக்கு ஆள் கூட்டிப் போகும் போட்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு இத்தாலியனில் ஐம்பது அறுபது சொல்தான் தெரியும். பவளப்பாறையில் மிதிக்காதீர்கள், நீரோட்டம் இந்தப் பக்கம், ஆமை அங்கே, தண்ணீர் குடித்தீர்களா, பயப்படாதீர்கள். கடலில் பேச அது போதும். திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப் போகும்போது "அங்கே! மூச்சு விடுகிறது!" என்பதை நான்கு மொழியில் கத்துவார். வருபவர்கள் ஊருக்குப் போய்த் தங்கள் நண்பர்களுக்கு அவருடைய தொலைபேசி இலக்கத்தைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கோணேசர் கோவிலையும் பிரெட்ரிக் கோட்டையையும் காட்டி விளக்கும் வழிகாட்டியாக வேண்டுமென்றால் இந்த அறுபது சொல் காணாது. அதற்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் வேண்டும். அதில் தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி என்று வகைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தோடு இன்னொரு ஐரோப்பிய மொழியும் கையிலிருக்கும் வழிகாட்டியைக் கொழும்பிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்கள் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொள்கின்றன.

பருவம் ஐந்து மாதம்தான். மிச்ச ஏழு மாதம் படிப்பதற்கு நல்ல காலம். மழை பெய்யும்போது செய்ய வேறென்ன இருக்கிறது?

நம் ஆட்களுக்கு வெள்ளைக்காரர் மொழி நாக்கில் வருமா?

1624இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், 1782இல் பிரெஞ்சுக்காரர் கொஞ்சக் காலம் பிடித்து வைத்திருந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். எல்லோரும் போய்விட்டார்கள். கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண், விறாந்தை என்று போர்த்துக்கேயரின் சொற்களும், கந்தோர், லாச்சி என்று ஒல்லாந்தரின் சொற்களும் நம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டன. நம் அப்பாச்சிமார் எந்த வகுப்புக்கும் போகாமல் இவற்றைப் பேசினார்கள். வரும்.

கொரியனா, யப்பானிய மொழியா? இளம் ஆட்கள் எல்லாம் இந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. அரசாங்கம் அரசாங்கத்தோடு பேசித் திறந்து வைத்த வழிகள் இந்த இரண்டு நாட்டுக்கும் இருக்கின்றன. கூடவே தமிழர்களுக்கு இந்த மொழிகளில் ஒரு வசதியும் இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்" என்பதை யப்பானியர் "வத்தாஷி வா கோஹான் ஓ தபேமாஸ்" என்கிறார்கள். வத்தாஷி நான், கோஹான் சோறு, தபேமாஸ் சாப்பிடுகிறேன். நடுவில் இருக்கும் அந்த "ஓ" நம்முடைய இரண்டாம் வேற்றுமை "ஐ" செய்யும் வேலையைச் செய்கிறது. கொரியனில் இதே வசனம் "நானுன் பாபுல் மொகொயோ". அங்கேயும் நான், சோற்றை, சாப்பிடுகிறேன் என்ற அதே வரிசை, "உல்" என்பது அதே வேற்றுமை உருபு. வினை கடைசியில் வருகிறது, உருபுகள் சொல்லின் பின்னால் ஒட்டுகின்றன. ஆங்கிலம் பேசுபவர் இந்த மொழிகளைப் படிக்கும்போது தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு யோசனை ஏற்கெனவே அந்த வரிசையில்தான் ஓடுகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு யப்பானிய மொழியையும் கொரியனையும் கற்பிக்க 88 வாரம் ஒதுக்குகிறது, தமிழுக்கு 44 வாரம். அந்தக் கணக்கு ஆங்கிலத்திலிருந்து போகிறவர்களுக்கு. அதைப் பார்த்து நாம் பயப்படத் தேவையில்லை.

கொரியனில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் ஒரே "ப" எழுத்து "படம்" என்பதில் ஒரு மாதிரியும் "தம்பி" என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது, யாரும் நமக்கு அதைச் சொல்லித் தரவில்லை. கொரிய எழுத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான்: சொல்லின் முதலில் வன்மையாகவும் நடுவில் வரும்போது மென்மையாகவும் ஒலிக்கும். எழுத்துகளும் பயமுறுத்தாது. செஜோங் மன்னர் 1446இல் சாதாரண மக்களுக்காக வெளியிட்ட எழுத்து அது. அடிப்படை எழுத்து 24தான். இரண்டு கிழமையில் கடைப் பலகை வாசிக்கலாம். அப்பாவை அவர்களும் "அப்பா" என்றே கூப்பிடுகிறார்கள் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடக் கிளம்ப வேண்டாம். சுசுமு ஓனோ என்ற யப்பானிய அறிஞர் தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவு இருக்கிறது என்று நெடுங்காலம் வாதாடினார்; மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, படிக்கச் சுகமாக இருக்கிறது.

யப்பானிய மொழியில் கஷ்டம் எழுத்தில்தான். ஹிரகானா, கத்தகானா என்று இரண்டு எழுத்து முறைகள், அதற்கு மேல் சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகள். வேலைக்குப் போகத் தேவையான, ஜேஎல்பிடி என்ற யப்பானிய மொழித் தேர்வின் என்4 மட்டத்துக்குச் சுமார் முந்நூறு கஞ்சி தெரிய வேண்டும். தினமும் ஐந்து எழுதிப் பழகுபவர் தாண்டிவிடுவார். வகுப்பில் மட்டும் பார்ப்பவர் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுவார்.

வேலை வழி எப்படி இருக்கும்? கொரியாவுக்கு 2004இல் தொடங்கிய ஈபிஎஸ் என்ற வேலை அனுமதி முறை. வயது 18 முதல் 39 வரை. உற்பத்தி, கட்டுமானம், விவசாயம், மீன்பிடி போன்ற துறைகள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாக மட்டுமே போகலாம், தனியார் ஏஜென்சிக்கு இதில் இடமே இல்லை. தேர்வில் வாசிப்பும் கேட்டலும்தான், பேச்சு இல்லை. ஒரு விசயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: தேர்வில் சித்தியடைவது வேலை கிடைத்ததாக ஆகாது. உங்கள் பெயர் ஒரு பட்டியலில் ஏறுகிறது, அங்குள்ள முதலாளி அந்தப் பட்டியலில் இருந்து எடுக்க வேண்டும். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். சித்தியடைந்த அன்றே பட்டாசு கொளுத்திவிட்டு இருக்கிற வேலையை விட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

யப்பான் 2019 ஏப்ரலில் "குறித்த திறன் தொழிலாளர்" என்ற விசாவைத் தொடங்கியது. துறைத் தேர்வு ஒன்று, மொழித் தேர்வு ஒன்று. மொழிக்கு ஜேஎல்பிடி என்4, அல்லது ஜேஎப்டி பேசிக் தேர்வில் 250க்கு 200. முதியோர் பராமரிப்புக்கு அந்தத் துறைக்கென்றே இன்னொரு மொழித் தேர்வும் உண்டு. மீன்பிடி, விடுதி வேலை, உணவகம், விவசாயம், கட்டுமானம் எல்லாம் துறைப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் எல்லாத் துறைக்கும் எல்லா நாட்டிலும் தேர்வு வைப்பதில்லை. எந்தத் தேர்வு இலங்கையில் நடக்கிறது என்று பார்த்துவிட்டே துறையைத் தெரிவு செய்யுங்கள். முதல் வகை விசாவில் மொத்தம் ஐந்து வருடம், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. கல்யாணம் பேசி வைத்திருப்பவர்கள் இதைப் பெண் வீட்டாரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டில் எது என்று கேட்டால்: கைவேலையில் உறுதியான, சீக்கிரம் உழைக்க வேண்டிய ஆளுக்குக் கொரியன். பொறுமையாகப் படித்து, ஒரு துறையில் படிப்படியாக மேலே போக நினைப்பவருக்கு யப்பானிய மொழி.

வகுப்பெல்லாம் சிங்களத்தில் நடக்கிறதே, என்ன செய்வது?

இது உண்மையான பிரச்சினை. கொரியன், யப்பானிய வகுப்புகளும் அவற்றின் குறிப்புப் புத்தகங்களும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் கிடைக்கின்றன. தமிழ்ப் பிள்ளை ஒருவர் தெரியாத மொழியைத் தெரியாத மொழி வழியாகப் படிக்கிறார். நல்ல மூளைசாலிகள் இப்படி விட்டுவிட்டு வந்ததைக் கண்டிருக்கிறேன், கவலையாக இருக்கும்.

இரண்டு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் யப்பானிய மொழியையும் ஜேர்மனையும் தமிழில் விளக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் யூடியூபில் இருக்கிறார்கள். இலக்கணத்தை அங்கே தமிழில் விளங்கிக்கொண்டு, பயிற்சியை இங்கே வகுப்பில் செய்யலாம். இரண்டாவது வழி சிங்களத்தையே முதலில் படிப்பது. அதைக் கேட்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கணக்கை மட்டும் பாருங்கள். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவைக்குள் போனவர்கள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. துறைமுகத்தில், சீனக்குடாத் தொழிற்சாலைகளில், வங்கியில், விடுதியில், எங்கே போனாலும் நாளாந்தம் தேவைப்படும் மொழி அது. இந்த ஊரில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசும் ஒருவருக்கு வேலை தேடும் காலம் குறைவு. வெளிநாட்டு மொழி அதற்கு மேலே நாலாவதாக வரட்டும்.

ஆங்கிலமே தடுமாற்றம். அதை விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போகலாமா?

கொரியாவுக்கும் யப்பானுக்கும் தொழிலாளராகப் போகிறவர் போகலாம். விடுதி, கப்பல், தாதியம், கணினி என்றால் முடியாது. கப்பல் வேலைக்கு ஆசைப்படும் பையன்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கப்பலுக்கும் கரைக்கும் இடையில் பேசுவதற்கென்றே சர்வதேச கடல்சார் அமைப்பு ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடர்த் தொகுதியை வகுத்து வைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகத்தின் கரையில் வளர்ந்துவிட்டு அதில் ஒரு வசனமும் தெரியாமல் நேர்முகத்துக்குப் போவது வெட்கம்.

மகள் தாதியர் பயிற்சி முடிக்கப் போகிறாள். ஜேர்மனி நல்லதா?

மொழியும் தொழிலும் சரியாகப் பொருந்தும் இடம் இது. ஜேர்மனியில் தாதியாகப் பதிவு பெறப் பொதுவாக பி2 மட்டம் கேட்கிறார்கள், உங்கள் மகளின் தகைமையை அங்குள்ள அதிகாரிகள் ஏற்கவும் வேண்டும். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். பி2 நாலாவது படி. நோயாளி வலியைச் சொல்லும்போது விளங்க வேண்டும், வைத்தியர் தொலைபேசியில் சொல்வதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஜேர்மன் கற்பித்துத் தேர்வும் வைக்கும் கூத்தே நிறுவனத்தின் கணக்கில் பி2க்கு 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும். கிழமைக்குப் பத்து மணித்தியாலம் படித்தாலும் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். "ஆறு மாதத்தில் பி2" என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் அந்தப் பெருக்கலைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், என் பாடம் அல்லவா. தமிழில் உயிரில்லாத பொருள் எல்லாம் அஃறிணை, பிரச்சினை முடிந்தது. ஜேர்மனில் சாப்பாட்டு மேசையிலேயே மூன்று பால் இருக்கும். கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. காரணம் கேட்காதீர்கள், நானும் பதினான்கு வருடம் மேசை போட்டுப் பார்த்தேன், காரணம் தெரியவில்லை. சொல்லைப் படிக்கும்போதே அதன் பாலையும் சேர்த்துப் படித்துவிட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பிறகு முடியாது.

இன்னும் பயிற்சியில் சேராத பிள்ளை என்றால் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி வழி இருக்கிறது. அதில் படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு தருவார்கள். அதற்குப் பெரும்பாலும் பி1 கேட்பார்கள்.

குவைத்தில் பதினொரு வருடம் இருந்தேன். நான் பேசும் அரபுக்கு ஏதாவது மதிப்பு இருக்கிறதா?

கிண்ணியாவிலிருந்து வந்த ஓர் அக்கா இதைக் கேட்டார். கேட்கும்போதே "நான் எட்டாம் வகுப்புத்தான் தம்பி, எனக்கு ஒரு மொழியும் தெரியாது" என்றுதான் தொடங்கினார். பதினொரு வருடம் ஒரு வீட்டை அரபு பேசியே நடத்தியவர் சொல்கிற பேச்சா இது? மூதூர், கிண்ணியாப் பக்கம் இப்படி எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த பணத்தை எல்லோரும் எண்ணினார்கள், கொண்டுவந்த மொழியை யாரும் எண்ணவில்லை.

மதிப்பு இருக்கிறது, ஆனால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நீங்கள் பேசுவது வளைகுடாப் பேச்சு. "என்ன வேண்டும்?" என்பதற்குக் குவைத்தில் "ஷினு தபி?" என்பீர்கள். புத்தகத்தில் அது "மாதா துரீத்?" என்று இருக்கும். பத்திரிகை, ஒப்பந்தம், கந்தோர்க் கடிதம் எல்லாம் இந்த இரண்டாவது அரபில்தான் வரும். மறுபக்கம், மத்ரசாவில் படித்தவர்களுக்கு இரண்டாவது தெரியும், கடைக்காரனோடு பேச வராது. உங்களில் பலர் சிறுவயதில் குர்ஆன் ஓதப் பழகியிருப்பீர்கள். அப்படியென்றால் 28 எழுத்தும் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியும், பொருள்தான் தெரியாது. காது வளைகுடாவில் பழகிவிட்டது, கண் மத்ரசாவில் பழகிவிட்டது. இரண்டையும் இணைக்க ஒரு வருடம் பொது அரபு படித்தால் போதும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது நாலைந்து வருட வேலை.

எங்கே பயன்படும் என்றால், வளைகுடாவுக்குப் போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களில், உம்ரா, ஹஜ் பயணம் ஒழுங்கு செய்யும் நிறுவனங்களில், கொழும்பில் விமானப் பயணச்சீட்டுக் கந்தோர்களில். திரும்பவும் போவதாக இருந்தால் வீட்டு வேலைக்குப் போகாமல் கடை, மருத்துவமனை வரவேற்பு போன்ற வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றுமில்லாவிட்டாலும், கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே வாசிப்பீர்கள். அந்த அக்கா இப்போது தன் வீட்டில் நாலு பேருக்குப் பேச்சு அரபு சொல்லிக்கொடுக்கிறார். கட்டணம் என்னுடையதைவிட அதிகம்.

பிரான்ஸிலும் கனடாவிலும் சொந்தக்காரர் இருக்கிறார்கள். பிரெஞ்சு படித்தால் போக முடியுமா?

சொந்தக்காரர் இருப்பது வேறு, விசா வேறு. கனடா 2023 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடிவரவு முறையில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்களைத் தனியாகவும் தெரிவு செய்கிறது. படிப்பும் தொழில் அனுபவமும் உள்ளவருக்கு அது பெரிய உதவி, அவை இல்லாதவருக்கு உதவாது. பிரெஞ்சு மொழித் தேர்வைத் தெரிவு செய்யும்போது கவனம்: டெல்ப் என்ற தேர்வின் சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும், ஆனால் கனடாக் குடிவரவுக்கு டெப் கனடா அல்லது டிசிஎப் கனடா என்ற தேர்வுகளைத்தான் கேட்பார்கள், அவை இரண்டு வருடத்தில் காலாவதியாகும். மாறி எழுதிவிட்டுக் காசைத் தொலைத்தவர்கள் உண்டு.

சீன மொழி?

கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் சீன நிறுவனங்களோடு வேலை செய்ய விரும்பினால் நல்ல தெரிவு. களனிப் பல்கலைக்கழகத்தில் சீன மொழி கற்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனம் இருக்கிறது. திருகோணமலையிலேயே இருக்கப் போகிறவருக்கு நான் முதலில் சொல்லும் மொழி அது இல்லை.

கைப்பேசியே மொழிபெயர்க்கிறது. பிறகு ஏன் மெனக்கெட வேண்டும்?

விடுதியில் கடைசி வருடங்களில் நானே கைப்பேசியை நீட்டியிருக்கிறேன். அறைக் கட்டணம், பஸ் நேரம், வைஃபை கடவுச்சொல் எல்லாம் அது சொல்லிவிடும். அந்த அளவுக்கு மட்டும் மொழி தெரிந்தவரின் வேலை போய்க்கொண்டுதான் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஓர் இரவு ஜேர்மன் அம்மா ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அவருடைய கணவர் பதற்றத்தில் அரை வசனமாகப் பேசினார், பழைய மருந்துகளின் பெயரைக் கலைத்துச் சொன்னார். கைப்பேசி அதை ஏதோ சமையல் குறிப்பு மாதிரி மொழிபெயர்த்தது. வைத்தியருக்கும் அவருக்கும் நடுவில் நான் நின்றேன். பி1 ஜேர்மன்தான். அன்று ஒவ்வொரு சொல்லுக்கும் கை நடுங்கியது.

அப்படியென்றால் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்து உழைக்கலாமா?

முன்பு இருந்த மாதிரி இல்லை. இயந்திரம் செய்ததைத் திருத்தும் வேலைதான் இப்போது அதிகம், அதற்குக் கூலி குறைவு. இன்னும் ஆள் தேவைப்படும் இடம் வாய்மொழிபெயர்ப்பு: ஐரோப்பாவிலும் கனடாவிலும் மருத்துவமனையில், நீதிமன்றத்தில், அகதி விசாரணையில் நம் ஆட்களின் பேச்சை மாற்றிச் சொல்வது. "கொதிக்குது", "அந்தரமா இருக்கு", "ஏலாமக் கிடக்கு" என்றெல்லாம் நம் ஆட்கள் சொல்வதை விளங்கிக்கொள்ள ஈழத்துத் தமிழ் காதில் ஊறியிருக்க வேண்டும். தொலைபேசி வழியாகவும் இந்த வேலை நடக்கிறது. ஆனால் அதற்கு சி1 அளவில் மொழியும், அந்த நாட்டு முறைப்படி பதிவும் தேவை. உள்ளூரில் என்றால் பிறப்பு, விவாகப் பத்திரங்களை மொழிபெயர்க்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

வயது நாற்பத்தைந்து. இனி வருமா?

வரும். உச்சரிப்பில் கொஞ்சம் தமிழ் வாசம் இருக்கும், இருக்கட்டும்.

தேர்வே இல்லாமல் அனுப்புவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. நம்பலாமா?

வேண்டாம். என் சித்தியின் மகன் இப்படித்தான் ஓர் இடத்தில் காசு கட்டினான். மொழித் தேர்வு தேவையில்லை, அங்கே போய்ப் படிக்கலாம் என்றார்கள். எட்டு மாதம் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று இழுத்தார்கள், பிறகு கந்தோர்க் கதவில் பூட்டுத் தொங்கியது. சித்தியின் காப்பு இன்னும் அடகில் இருக்கிறது. எந்த ஏஜென்சியாக இருந்தாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா, நீங்கள் போகும் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று பணியகத்திலேயே கேளுங்கள். உரிமம் இருப்பது ஒன்று, அந்த வேலைக்கு அனுமதி இருப்பது இன்னொன்று. அவன் முதலாவதை மட்டும் பார்த்தான்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பெயரை. சிரிக்காதீர்கள், இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறு, ஓஎல் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். தகப்பன் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதில் இன்னொரு குழப்பம். மொழிச் சான்றிதழில் இருக்கும் பெயர் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அதனால் முதலில் கடவுச்சீட்டு எடுங்கள், பிறகு தேர்வுக்குப் பதியுங்கள். பதிவுப் படிவத்தை நிரப்பும்போது கடவுச்சீட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம். பெரும்பாலான தேர்வுகள் கொழும்பில்தான். காலைத் தேர்வுக்கு அன்று விடியப் புறப்பட்டுப் போய்ச் சேர முடியாது. முதல் நாள் பகலே போய் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். இரவு ரயிலில் போய் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போன என் மாணவி ஒருத்தி கேட்டல் பகுதியில் தூங்கிவிட்டாள்.